ஈயம் படாத வாள்

டங்!

இரும்போடு இரும்பு மோதினால் ஒரு சத்தம். இரும்பு இரண்டாகப் போனால் வேறொரு சத்தம். அந்தச் சனிக்கிழமைப் பிற்பகல் கட்டுகஸ்தோட்டைக் கோப்பி ஸ்டோரில் கூடியிருந்த நூறு பேரில், அந்த வித்தியாசம் தெரிந்தவன் செல்லப்பா ஆசாரி ஒருவன்தான். மற்றவர்கள் நல்ல அடி ஒன்று விழுந்ததாக நினைத்துக் கை தட்டினார்கள். செல்லப்பாவுக்கு மட்டும் கை எழவில்லை.

கைதட்டல் பாதியில் நின்றது. முறிந்த வாளின் முன்பாதி காற்றில் சுழன்று போய், எதிரே நின்று வாள் வீசிய குண்டசாலைத் தோட்டத்துச் சின்னத்துரையின் வலது கையில், தோல் கையுறை முடிந்து சட்டை தொடங்குகிற இடத்தில் ஆழமாகக் கிழித்துவிட்டுத் தரையில் விழுந்து துள்ளியது. கம்பி வலை முகமூடிக்குள்ளிருந்து ஓர் அலறல். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. வாசலில் நின்று வேடிக்கை பார்த்த கோப்பி பொறுக்கும் பெண்கள், "ஐயையோ, ரத்தம்!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கையில் மிஞ்சிய அரைவாளோடு அசையாமல் நின்றார் பஹ்மி சார்ஜன். றைபிள் படையில் இருபத்தைந்து வருஷம் இருந்துவிட்டு, சார்ஜன் பதவியோடு ஓய்வுபெற்று வந்த மலாய்க்காரர். துரைமாருக்கு வாள்வீச்சுப் பழக்குகிறவர். அன்றைய போட்டி அவருடைய பிழைப்புக்கான போட்டி. வாள்வீச்சுக்கு நிரந்தரமாக ஒரு வாத்தியார் வைத்துக்கொள்வது என்று தோட்டத் துரைமார் தீர்மானித்திருந்தார்கள். வேலையோடு இருக்க ஒரு வீடும் உண்டு. சீமையிலிருந்து ஒரு வெள்ளைக்காரனை வரவழைக்கலாம் என்றார்கள் சிலர். ஸ்டோரின் சொந்தக்காரரான பெரிய துரைதான், "சார்ஜன் நம்ம சின்னத்துரையோட நின்னு காட்டட்டும், அப்புறம் பேசுவோம்" என்று இந்தப் போட்டியை வைத்தவர். மார்பு வரை நரைத்த தாடி தொங்கியதால் கூலிக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் தாடித்துரை.

சின்னத்துரையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார்கள். தாடித்துரை குனிந்து, தரையில் கிடந்த வாள்துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முறிந்த இடத்தை அரத்தால் தேய்த்து மெல்லிசாக்கியிருந்தது அவருக்கே தெரிந்தது. தோட்டத்துத் தமிழில் உறுமினார்:

"இது யாரு ராவினது?"

செல்லப்பா சொல்ல வேண்டியிருந்தது 'நான்தான் தொரை' என்று இரண்டே வார்த்தை. அவன் நின்ற இடத்துக்கும் தாடித்துரைக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. முன்னால் வைக்க எடுத்த கால் பின்னால் போயிற்று. அடுக்கியிருந்த கோப்பி மூட்டைகளின் மறைவுக்கு வந்த பிறகுதான், தான் ஒளிந்துகொண்டிருப்பதே அவனுக்கு உறைத்தது.

"வாள் என்ட, தொரை" என்றார் பஹ்மி. "பொறுப்பும் என்ட."

"அது வேற. நீ தெரிஞ்சி கெட்ட வாள் கொண்டு வந்ததா, தெரியாம கொண்டு வந்ததா? எனக்கு அது வேணும். திங்கக்கிழமை எட்டு மணி, கந்தோருக்கு வா. தெரியாம செஞ்சா, சரி, விபத்து. தெரிஞ்சி செஞ்சா நீ இந்தப் பக்கம் வரவே வேணாம்."

பஹ்மி சார்ஜன் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்த அவருடைய கண் மூட்டைகளின் பக்கம் வந்தபோது செல்லப்பா மூச்சை அடக்கிக்கொண்டான். அவர் பெயர் சொல்லவில்லை.

*

இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த வாள் செல்லப்பாவின் பட்டறைக்கு வந்தது.

கண்டிக்குப் போகிற றோட்டில், ஆற்றுப் பக்கம் இறங்குகிற இடத்தில் அவனுடைய பட்டறை. கோப்பிப் பழம் உரிக்கிற பல்பர் எந்திரத்தைப் பழுது பார்ப்பதும், கிளை கழிக்கிற கவ்வாத்துக் கத்தி அடிப்பதும் அவன் தொழில். சுற்றியுள்ள பதினைந்து தோட்டங்களிலும் அவன் கத்திக்கு ஒரு பெயர் இருந்தது. செல்லப்பா கத்தி என்றால் ஆயிரம் கொப்பு வெட்டினாலும் மணிக்கட்டு நோகாது. மூக்குக் கனத்த கத்தியைக் கொண்டுவந்தால், உத்தரத்தில் தொங்கும் நூலில் கட்டித் தூக்குவான். எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்ப்பான். மூக்கை அரத்தால் ராவி ராவி, நூலில் கத்தி சமமாய் நிற்கும்வரை விடமாட்டான்.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பஹ்மி வந்தார். வாள்வீச்சுப் பழகுவதற்கான மொட்டை வாள். முனையும் கூரில்லை, விளிம்பும் கூரில்லை. பட்டாளத்தில் கழித்துப் போட்ட சரக்கு.

"விரல நீட்டுங்க, ஆசாரி" என்று சொல்லி, வாளைக் குறுக்கே அவன் ஆள்காட்டி விரலில் வைத்தார் பஹ்மி. கைக்காப்பிலிருந்து ஏழு விரற்கடை தள்ளித்தான் அது தராசுபோல நின்றது. "பாத்தீங்களா? கனமெல்லாம் முனையில இரிக்கி. வீசினா வாள்தான் என்னய இழுத்துக்கிட்டுப் போகுது. இந்த ஏழு நாலுக்கு வரணும்."

"வந்திரும் சார்ஜன். முனைப் பக்கம் ராவிட்டாப் போச்சு."

"யா அல்லாஹ், ராவ வேணாம்! அலகில கை வைக்க வேணாம். பிடிக்கு அடியில இந்தக் குமிழ் இரிக்கில்ல? இத உள்ளுக்குக் குடைஞ்சி ஈயம் ஊத்துங்க. பின்பக்கம் கனத்தா முன்பக்கம் தானா லேசாகும். பட்டாளத்தில அப்பிடித்தான் செய்வாங்க."

ஈயம் என்ற சொல் காதில் விழுந்ததும் செல்லப்பாவின் முகம் இறுகிப்போனதை அவர் கவனிக்கவில்லை.

கவனித்திருந்தாலும் காரணம் தெரிந்திருக்காது. கண்டியில் யாருக்கும் தெரியாத காரணம் அது. செல்லப்பாவின் அண்ணன் கம்பளைப் பக்கம் பித்தளை வேலை செய்தவன். ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் குத்துவிளக்கு வார்த்துக் கொடுத்தான். ஒருநாள் விளக்கு விழுந்து உடைந்தபோது, பித்தளைக்கு நடுவில் கொழுக்கட்டைப் பூரணம் மாதிரி ஈயம் இருந்தது. தட்டாரும் கன்னாரும் கொல்லரும் கூடிய பஞ்சாயத்தில் அண்ணனின் சுத்தியலைப் பிடுங்கி ஆற்றில் போட்டார்கள். அதற்குப் பிறகு குடும்பத்துக்கே 'ஈயக்காரன் வீடு' என்று பெயர். கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் பந்தியில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அந்தப் பெயரைக் கழற்றிப் போடத்தான் செல்லப்பா மனைவி வடிவம்மாவோடு ராவோடு ராவாகக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தான். தன் உலையில் ஈயம் உருகாது என்று சத்தியம் செய்தான். கனத்துக்காக ஈயம் வைக்கிறவன் கள்ளன். அது வாளானாலும் சரி, விளக்கானாலும் சரி.

"முடியாது, எனக்கு இப்படி ஒரு சத்தியம் இருக்கு" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அண்ணன் கதையையும் சொல்ல வேண்டும். "சரிங்க, சார்ஜன்" என்று சொல்லி வாளை வாங்கி வைத்தான்.

அவர் போனதும் அலகை ராவத் தொடங்கினான். எஃகு முறுக்கேறியிருந்தது, அரம் வழுக்கியது. உலையில் காட்டித் தணித்து, பக்கமிரண்டையும் ராவி, பழையபடி பதம் ஏற்றினான். மூன்று நாள் வேலை. நூலில் கட்டித் தூக்கினால் சரியாக நாலு விரற்கடையில் நின்றது. குமிழின் மேல் மட்டும், ஈயம் ஊற்றிய துளையை அடைத்ததுபோல ஒரு சின்ன வட்டம் கொத்தி வைத்தான். அந்த வட்டத்தைக் கொத்தும்போது, யாரும் இல்லாத பட்டறையில் இரண்டு முறை வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

அவன் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். கவ்வாத்துக் கத்தி கொப்பைச் சந்திக்கும். வாள் இன்னொரு வாளைச் சந்திக்கும்.

பஹ்மி வந்து வாளை எடுத்தார். இரண்டு முறை வீசினார். பிறகு கையை நீட்டியபடியே அசையாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஈயம் வெச்சீங்களா, ஆசாரி?"

"வெச்சேன்."

"ம்" என்றார் பஹ்மி. "நல்லா இரிக்கி." வாளைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் முழுக்க இதே பேச்சு. மளிகைக்கடை முனாப், உப்பு நிறுத்துக்கொண்டே சொன்னார்:

"கேள்விப்பட்டீங்களா, ஆசாரி? தோக்கப் போறோம் எண்டு தெரிஞ்சி சார்ஜன் வேணுமெண்டே ஒடையிற வாளக் கொண்டு போனாராம். வெள்ளக்காரப் புள்ளைக்கு ரெண்டு வெரல் இனி மடங்குமோ தெரியாதாம். படிச்ச மனுசன், தொழுகிற மனுசன், இப்பிடிச் செய்யலாமா?"

'செய்யவில்லை' என்று சொல்ல வேண்டியவன் உப்பை வாங்கிக்கொண்டு வந்தான்.

மத்தியானம் மனசு பொறுக்காமல் பஹ்மி வீட்டுக்குப் புறப்பட்டான். அவர் மனைவியின் காக்கா வீட்டில், அதாவது அண்ணன் வீட்டில், ஒரு பக்கத்து அறையில்தான் அவர்கள் இருந்தார்கள். வாசலுக்கு வந்தவள் பஹ்மியின் மனைவி சித்தி றலியா.

"அவரு இல்ல, ஆசாரி. ஆஸ்பத்திரிக்குப் போய் இரிக்கிறாரு. உள்ளுக்கு விடல்லயாம். எண்டாலும் வெளிய நிக்கிறாரு, விடியத்தில இருந்து." கதவோரம் நின்றபடி ஒரு கதிரையை முன்னால் தள்ளினாள். "உக்காருங்க. கோப்பி ஒண்டு குடிச்சிட்டுப் போங்க."

"வேணாம்மா. சும்மாதான்…"

"ஊர்ல என்னெல்லாமோ சொல்றாங்க. நானும் கேட்டேன், 'ஆசாரி ஏதும் பிழையா செஞ்சிட்டாரா?' எண்டு. 'அவர ஒண்டும் சொல்லாத' எண்டு என் மேல பாயிறாரு. ஒங்க மேல அவருக்கு அவ்வளவு மதிப்பு."

அந்த மதிப்பு என்ற வார்த்தை உலையிலிருந்து எடுத்த இரும்புபோல வந்து செல்லப்பாவின் மேல் விழுந்தது. வாயைத் திறந்தான். கோப்பிக் கிண்ணம் வந்தது. வாயை மூடிக் குடித்தான். நாக்கு வெந்தது.

"சும்மா பாக்கத்தான் வந்தேன். வர்றேன்மா" என்று எழுந்துவிட்டான். படி இறங்கும்போது கால் தடுக்கியது. அவள், "பாத்துப் போங்க!" என்றது முதுகில் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் வடிவம்மா முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள்.

"சொல்லிட்டிங்களா?"

"அவரு வீட்டுல இல்ல."

"அந்த அம்மா இருந்திருக்குமே?"

செல்லப்பா தோள்துண்டை உதறிக் கொடியில் போட்டான்.

"ஏங்க, ஈயம் படாத கையி, ஈயம் படாத ஒலைனு பத்து வருசமா பெருமை பேசினிங்களே. இப்ப வாயில என்ன, ஈயத்தக் காய்ச்சி ஊத்திட்டாங்களா?"

"சொன்னா அண்ணன் கதையும் சேந்து வெளிய வரும், வடிவு. இந்த ஊர்லயும் நாம ஈயக்காரன் வீடு ஆயிருவோம்."

"ஒங்க அண்ணன் வெளக்குலதான் ஏமாத்துனாரு. வெளக்கு யாரு கையையும் வெட்டல" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது செல்லப்பாவுக்கு.

*

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ஸ்டோரின் கந்தோர் அறை வாசலில் செல்லப்பா செருப்பைக் கழற்றினான்.

கணக்கப்பிள்ளை தனபாலன் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பல்பர் விசயமே ஆசாரி? பிறகு வாரும். துரை இப்ப சார்ஜன்ர விசாரணையில இருக்கிறார்."

"அந்த விசயமாத்தாங்க வந்தேன்."

உள்ளே தாடித்துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். மேசையில் வாளின் இரண்டு துண்டுகளும் கிடந்தன. பக்கத்தில் இன்னும் இரண்டு துரைமார். பஹ்மி, பட்டாளத்துப் பழைய உடுப்பில், கைகளைப் பக்கத்தில் ஒட்டி விறைப்பாக நின்றார். செல்லப்பாவைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. 'போ' என்பதுபோல மெல்லத் தலையசைத்தார். காப்பாற்றுகிறார் என்றுதான் செல்லப்பா நினைத்தான். அந்த நினைப்பே அவனை உள்ளே தள்ளியது.

"தொரை, அந்த வாள ராவினது நான்."

தாடித்துரை நிமிர்ந்தார். "யாரு ராவச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. சார்ஜன் ராவக் கூடாதுன்னுதான் சொன்னாரு. குமிழுக்குள்ள ஈயம் ஊத்தச் சொன்னாரு. நான் ஊத்தல. அலக ராவிட்டேன். அவரு கேட்டப்ப ஈயம் வெச்சேன்னு பொய் சொன்னேன்."

"ஈயம் ஏன் வைக்கல? ஈயம் நல்ல சாமான். கப்பல்ல வைக்கிறான், வீட்டுல வைக்கிறான். உனக்கு என்ன?"

அதற்குத்தான் செல்லப்பா பயந்தான். ஆனாலும் சொன்னான். கம்பளை, குத்துவிளக்கு, பஞ்சாயத்து, ஆற்றில் விழுந்த சுத்தியல், தன் சத்தியம் எல்லாவற்றையும் சொன்னான். ஜன்னலுக்கு வெளியே கோப்பி பொறுக்கிய பெண்களின் கை நின்றுவிட்டது. ஒருத்தி மற்றொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். வாசலில் நின்ற கணக்கப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப நீர்தான் அந்தக் கம்பளை ஈயக்காரன்ர தம்பியே? இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே!"

பத்து வருஷம் மறைத்து வைத்திருந்த பெயர் பத்து நொடியில் வாசலுக்கு வந்துவிட்டது.  செல்லப்பா தரையைப் பார்த்தபடி நின்றான்.

தாடித்துரைக்கு விளக்குக் கதை பாதிதான் புரிந்தது. பக்கத்துத் துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒரு பேனாக்கத்தியை நீட்டி, "காட்டு" என்றார். செல்லப்பா முட்டி போட்டு உட்கார்ந்து, வாளின் குமிழில் தான் கொத்திய பொய் வட்டத்தைத் தோண்டிக் காட்டினான். அடியில் கெட்டி இரும்பு. துளையும் இல்லை, ஈயமும் இல்லை. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். 

"சரி, எழும்பு" என்றார் தாடித்துரை. "அந்தப் பிள்ளைக்கு ரெண்டு விரல் இனி மடங்காது. டாக்டர் சொல்லிட்டாரு. இனி என் ஸ்டோர்ல உனக்கு வேலை இல்ல. ஒரு ஆணி அடிக்கக்கூட நீ வர வேணாம். மத்தத் தோட்டத்துக்கும் எழுதுவேன். விளங்குதா?"

"விளங்குதுங்க."

விளங்கியது. சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு இன்னோர் ஊர் தேட வேண்டியதுதான். ஆனாலும் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவனால் முழு மூச்சு விட முடிந்தது. சார்ஜன் தப்பினார். அது ஒன்றாவது ஒழுங்காக நடந்தது.

தாடித்துரையின் குரலும் இளகியது. "அப்ப சார்ஜன் மேல பிழை இல்ல. அவன் சொன்னது ஒண்ணு, இவன் செஞ்சது ஒண்ணு. நான் முதலே சொன்னேன், சார்ஜன் நல்ல மனுசன்." பேனாவை மையில் தோய்த்தார். "எழுதணும், அதுக்குத்தான் கேக்கிறேன். சார்ஜன், உனக்கு இது தெரியாதுதானே?"

'தெரியாது' என்று ஒரு சொல் போதும். வேலையும் வீடும் அந்த ஒரு சொல்லுக்கு அந்தப் பக்கம் நின்றன. பஹ்மி மேசையில் கிடந்த துண்டைப் பார்த்தார். பிறகு, பேனாவோடு காத்திருந்த தாடித்துரையை விட்டுவிட்டு, செல்லப்பாவின் பக்கம் திரும்பினார். ஸ்டோரில் மூட்டை மறைவிலிருந்து செல்லப்பா பார்க்கப் பயந்த அந்தக் கண்கள், இப்போது செல்லப்பாவைப் பார்க்கக் கூசின.

"தெரியும், தொரை. கையில எடுத்த ஒடனேயே தெரிஞ்சிச்சு, ஈயம் வெச்சிருந்தா இவ்வளவு லேசா இரிக்காது, அலகத்தான் ராவியிரிக்கி எண்டு. கனத்த வாளோட அந்தப் புள்ளைய ஜெயிக்க என்ட மணிக்கட்டால ஏலாது எண்டுதான் நான் வாய மூடிக்கிட்டேன்."